கஷாயப் பையில் இருக்கும் எட்டாவது மூலிகை

கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பிள்ளை களைத்துப் போய் வீட்டுக்கு வருவான். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துச் சூடாக்கி, மூலையைக் கத்தரித்து நீட்டுவார். உள்ளே கரேலென்று ஒரு கஷாயம். குடிப்பவர் முகத்தைச் சுளிப்பார், அம்மா ஒரு மிட்டாயை வாயில் போடுவார். அந்தக் கஷாயத்துக்குப் பெயர் ஹன்யாக். தெம்புக்கும் சளிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய பத்தியத்துக்கும் என்று இருந்த அதே பை, கடந்த சில பத்தாண்டுகளில் இன்னொரு வேலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் உடம்பைக் குறைப்பது. கொரியாவில் அதை 'டயட் ஹன்யாக்' என்றே சொல்கிறார்கள்.

இதைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகள் பெரும்பாலும் இரண்டே வகை. 'கொரியர்கள் ஒல்லியாக இருக்கும் ரகசியம்' என்பது ஒன்று. 'எல்லாம் ஏமாற்று' என்பது மற்றொன்று. விஷயம் இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. கொரிய மரபு மருத்துவம் பருமனைப் பற்றி யோசிக்கும் முறை வேறு, இன்று அந்தப் பைக்குள் இருந்து எடையைக் குறைக்கும் பொருள் வேறு. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் ஒன்றுக்குச் சேரவேண்டிய பெருமை மற்றதற்குப் போய்விடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது அங்கே பாட்டி வைத்தியம் இல்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் மரபு மருத்துவருக்கும் ஆங்கில மருத்துவருக்கும் தனித்தனி உரிமம் தந்தது. ஹனுய்சா எனப்படும் மரபு மருத்துவர், பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் படித்து, நாடு தழுவிய தேர்வில் தேறி வருபவர். பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் அவர் ஆங்கில மருந்து எழுதக் கூடாது. 1986 வரை இந்த மருத்துவத்தின் பெயரில் இருந்த 'ஹன்' என்ற எழுத்து சீனத்தைக் குறிப்பது. அதே ஒலியுள்ள, கொரியாவைக் குறிக்கும் வேறு எழுத்தை அந்த ஆண்டில் அதிகாரபூர்வமாக வைத்தார்கள். ஒலி மாறவில்லை, உரிமை கொண்டாடுவது மாறிவிட்டது. நம்மூரில் பெயர்ப் பலகைச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

1987-இல் தேசிய மருத்துவக் காப்பீடு இந்த மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டது. ஊசி குத்துவது, மூலிகைத் திரியால் சூடு காட்டுவது, குவளை வைப்பது ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டு. எடைக் குறைப்புக் கஷாயத்துக்குக் கிடையாது. மொத்தச் செலவும் வாடிக்கையாளர் பையிலிருந்துதான். விலையை அரசு நிர்ணயிக்காத இடத்தில் விளம்பரம் நிர்ணயிக்கும். சோல் நகரச் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களைப் பார்த்தாலே இது தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கொரியாவில் உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கு (இந்தியாவிலும் மருத்துவர்கள் இதே வரம்பைத்தான் சொல்கிறார்கள்). அந்தக் கணக்கில் 2020-இல் கொரியப் பெரியவர்களில் 38 சதவீதத்தை ஒட்டியவர்கள் பருமனானவர்கள். ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், பெண்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் டயட் ஹன்யாக் வாங்கக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மருந்து தேவைப்படுகிறவர் ஒருவர், வாங்கிக் குடிக்கிறவர் இன்னொருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

பழைய ஏடுகள் பருமனை எப்படிப் பார்த்தன? அரசவை மருத்துவர் ஹோ ஜுன் தொகுத்த 'தோங்குய் போகம்' என்ற 25 தொகுதி நூலிலிருந்து தொடங்கவேண்டும். ஜப்பானியப் படையெடுப்பின் நடுவே 1596-இல் அரசர் சோன்ஜோ ஆணையிட, 1610-இல் முடிந்து, 1613-இல் அச்சானது. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அதன் தொடக்கத்திலேயே உடல் வகைகளைப் பற்றிய ஒரு பழைய சீன மருத்துவரின் கருத்தை ஹோ ஜுன் எடுத்து வைக்கிறார். நெட்டையை விடக் குட்டை மேல், பருத்த உடலை விட மெலிந்த உடல் மேல், வெளுத்த நிறத்தை விடக் கறுத்த நிறம் மேல் என்று போகிறது அது. தோலை வெளுப்பாக்கும் கிரீம்களை உலகுக்கெல்லாம் அனுப்பும் நாட்டின் தலையாய மருத்துவ நூலில் இப்படி ஒரு வரி!

அதே இடத்தில்தான் இந்த மருத்துவத்தின் அடிப்படை நோக்கும் வருகிறது. பருத்தவருக்கு ஈரம் அதிகம், மெலிந்தவருக்குச் சூடு அதிகம். ஈரம் என்பது இங்கே உடலில் தங்கிப்போன, ஓடாமல் நின்றுவிட்ட நீர். அது இறுகினால் 'தாம்', அதாவது கோழை. நெஞ்சில் கட்டும் சளியை மட்டும் அது குறிப்பதில்லை. செரிமானம் சரியாக நடக்காததால் எங்கும் தேங்கும் கசடு எல்லாமே தாம்தான். இவர்கள் மொழியில் மண்ணீரல்தான் செரிமானத்தின் தலைவர். அது சோர்ந்தால் உணவு சக்தியாக மாறாமல் கசடாக மாறும். ஆகவே பருத்தவர் நிறையச் சேர்த்துவைத்தவராகத் தெரிந்தாலும் உள்ளே சக்தி குறைந்தவர் என்று முடிவு செய்தார்கள். கபம் மிகுந்த உடல்வாகு பற்றிச் சித்த மருத்துவம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது.

அந்த நூலில் உடலை மெலிய வைக்கும் எளிய பொருள்களும் வருகின்றன. சிவப்பு அட்சுகிப் பயறு, தேயிலை, அப்புறம் நம் வெண்பூசணி. மெலிய விரும்புபவர் வெண்பூசணியைத் தொடர்ந்து சாப்பிடலாம், பருக்க விரும்புபவர் தொடவேண்டாம் என்பது குறிப்பு. காலையில் பூங்கா வாசலில் பூசணிச் சாறு வாங்கிக் குடிக்கும் நம்மூர் நடையாளர்களை ஹோ ஜுன் பார்த்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் கவனியுங்கள், 'பருக்க விரும்புபவர்' என்றும் ஒரு கூட்டம் அப்போது இருந்தது. போரும் பஞ்சமுமாகக் கிடந்த நாட்டில் மெலிவதைவிடப் பருப்பதே பெரும்பாலோரின் கவலை. எடைக் குறைப்பு அந்த மருத்துவத்தின் ஓரத்தில் கிடந்த விஷயம்.

அதை நடுவுக்குக் கொண்டுவர வழி செய்தவர் லீ ஜே-மா (1837–1900). கொரியாவின் வடக்கே ஹம்ஹுங்கில் பிறந்தவர். இராணுவப் பதவியிலும் இருந்தவர், கன்பூசியத் தத்துவத்தில் தோய்ந்தவர். நோயைப் பார்த்து மருந்து கொடுப்பதை விட்டு ஆளைப் பார்த்துக் கொடு என்பது அவர் கட்சி. 'தோங்குய் சூசே போவோன்' என்ற அவர் நூல் 1894-இல் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகு 1901-இல் வெளிவந்தது. மனிதரை அவர் நான்காகப் பிரித்தார்: தேயாங், சோயாங், தேஊம், சோஊம். பெரிய யாங், சிறிய யாங், பெரிய யின், சிறிய யின் என்று பொருள் (யாங், யின் என்பவை சூடும் குளிர்ச்சியும் போல எதிரெதிரான இரு தன்மைகள்). பிரிவு பிறவியிலேயே அமைவது, மாறாது. ஒரு வட்டாரத்தில் பத்தாயிரம் பேர் இருந்தால் தேஊம் ஐயாயிரம், சோஊம் இரண்டாயிரம், சோயாங் மூவாயிரம், தேயாங் மூன்று நான்கு பேரிலிருந்து பத்துப் பேர் வரை என்று கணக்கும் சொன்னார். இது அவருடைய கண்மதிப்பு. ஆனால் இன்றும் கொரியாவில் எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பருமனுக்குப் பெயர்போனவர் தேஊம் ஆள். கல்லீரல் பலம், நுரையீரல் பலவீனம். லீ ஜே-மாவின் கணக்கில் கல்லீரல் சேர்த்துவைக்கும் உறுப்பு, நுரையீரல் வெளியே அனுப்பும் உறுப்பு. அதாவது வரவு அதிகம், செலவு குறைவு; வீட்டுக் கணக்கு தெரிந்த எவருக்கும் மிச்சம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பு அகன்றிருக்கும், மேல்கழுத்து மெலிந்திருக்கும், பசி நன்றாக இருக்கும். இவருக்கு நன்றாக வியர்த்தால் உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சோஊம் ஆளுக்கு நேரெதிர். அவருக்கு வியர்வை கொட்டினால் ஆபத்து, சாப்பாடு செரித்தால் ஆரோக்கியம். சோயாங் ஆளுக்கு மலம் தடையில்லாமல் போகவேண்டும், தேயாங் ஆளுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகவேண்டும். ஒரே அறிகுறி ஒருவருக்கு நல்ல சேதி, இன்னொருவருக்குக் கெட்ட சேதி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நாம் ஒரே வரியில் முடித்ததை அவர் ஒரு முழு மருத்துவமாக விரித்துவிட்டார்.

உண்மையில் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எடை குறைக்க வேண்டும் என்று வந்தவரை நல்ல ஹனுய்சா ஒருவர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். வியர்க்கிறதா, எங்கே வியர்க்கிறது? மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை? கை கால் குளிர்கிறதா? கோபம் வந்தால் சாப்பிடுவீர்களா, சாப்பாட்டை நிறுத்துவீர்களா? மாதவிடாய் எப்படி? தூக்கம் எத்தனை மணிக்கு? தின்றதால் பருத்தவர், கவலையால் பருத்தவர், உடம்பு நீர் கோத்து ஊதியவர் என்று ஆளுக்கு ஆள் காரணம் வேறு. 'குறைவாகச் சாப்பிடு, நிறைய நட' என்று எழுந்து போகச் சொல்லும் அவசர ஆலோசனையை விட இது எவ்வளவோ மேல். அப்புறம் இன்பாடி இயந்திரத்தில் ஏற்றிக் கொழுப்பையும் தசையையும் அளப்பார்கள். நம்மூர் ஜிம்களில் நிற்கும் அந்த இயந்திரமும் கொரியத் தயாரிப்புதான்.

ஆனால் நான்கு வகைப் பிரிவுக்கு ஆதாரம் எப்படி என்று கேட்டால் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. 1994-இல் அரசு தொடங்கிய, இப்போது தேஜான் நகரில் இருக்கும் மரபு மருத்துவ ஆய்வு நிறுவனம் முகம், குரல், உடல் அளவு, வினாத்தாள் எல்லாம் வைத்து வகையைக் கண்டுபிடிக்கும் கருவிகளை உருவாக்கியது. பல ஆய்வுகளில் தேஊம் ஆட்களுக்குப் பருமனும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கூடுதலாகத் தெரிகின்றன. சரி. ஆனால் ஒருவரைத் தேஊம் என்று தீர்மானிக்கும் அடையாளங்களிலேயே பெரிய உடம்பு இருக்கிறதே? பருத்தவரைத் தேஊம் என்று பெயரிட்டுவிட்டு, தேஊம் ஆட்கள் பருத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது.

இனி பையைத் திறப்போம். எடைக் குறைப்புக்கு மிகவும் பெயர்பெற்ற கஷாயம் 'தேஊம் ஜோவி தாங்'. தேஊம் ஆளின் வயிற்றைச் சீராக்கும் கஷாயம் என்பது பொருள். லீ ஜே-மாவின் சொந்தக் கூட்டு, எட்டுச் சரக்கு. முத்துப் போன்ற யுல்மு தானியம், காய்ந்த செஸ்ட்நட், முள்ளங்கி விதை, கொரியர்கள் தேநீராகவும் குடிக்கும் ஓமிஜாப் பழம், மேக்முன்தோங் கிழங்கு, வசம்புக்கு உறவான ஒரு வேர், சமையலிலும் போடும் தோராஜி வேர். ஏழாயிற்று. இந்த ஏழும் ஏறக்குறைய அடுக்களைச் சாமான்கள் மாதிரி. எட்டாவது, மாஹ்வாங்.

அந்த நூலில் இந்தக் கஷாயம் எதற்காகச் சொல்லப்பட்டது தெரியுமா? சாப்பிட்ட பின் வயிறு கனத்து அடைத்துக்கொள்வதற்கும், கால்கள் பலமிழந்து போவதற்கும். எடை குறைப்பதற்கு இல்லை. எடை குறைக்கும் கஷாயமாக இதைத் திருப்பியது பிற்காலம். அப்படித் திருப்பியபோது ஏழு சரக்கும் பின்னுக்குப் போய் எட்டாவது முன்னுக்கு வந்தது.

மாஹ்வாங் என்பது எபிட்ரா என்ற குச்சி குச்சியான புதர்ச்செடியின் தண்டு. அதிலிருந்து எபிட்ரின் என்ற வேதிப்பொருளை ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885-இல் பிரித்தெடுத்தார். ஆஸ்துமாவுக்கும் மூக்கடைப்புக்கும் பல காலம் பயன்பட்ட மருந்து அது. உடம்பில் என்ன செய்யும்? புலி துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ அதைச் செய்யும். பசி அடங்கும், இதயம் வேகமாக அடிக்கும், உடல் சூடேறி வியர்க்கும், வாய் வறளும், தூக்கம் ஓடும். லீ ஜே-மாவின் மொழியில் சொன்னால் நுரையீரலைத் திறந்து செலவைக் கூட்டுகிறது. மருந்தியல் மொழியில் சொன்னால் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இரண்டு விளக்கமும் வியர்வையில் போய்ச் சந்திக்கின்றன.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. எபிட்ரின், எபிட்ரா பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, வெற்று மாத்திரை எடுத்தவர்களை விட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாகக் குறைந்ததைக் கண்டது. அதுவும் சில மாதங்களுக்கான கணக்கு மட்டுமே. நீண்டகாலத்துக்குத் தரவு இல்லை. கூடவே படபடப்பு, மனநிலைக் குழப்பம், வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கான வாய்ப்பு இரண்டு முதல் மூன்றரை மடங்கு வரை கூடியதையும் கண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கில் இறந்தார். அவர் எபிட்ரா கலந்த எடைக் குறைப்பு மாத்திரை எடுத்துவந்திருந்தார். 2004-இல் அமெரிக்கா எபிட்ரின் அடங்கிய ஊட்டப் பொருள்களைத் தடை செய்தது. மரபு மருத்துவர் நேரடியாக எழுதித் தருவதை மட்டும் அந்தத் தடை தொடவில்லை.

கொரியாவிலும் மாஹ்வாங்கை உணவுப் பொருளில் சேர்க்கக் கூடாது. தேநீர், மிட்டாய், 'ஹெல்த் டிரிங்க்' எதிலும் கூடாது. ஹனுய்சா எழுதினால் மட்டும் சரி. பருமன் சிகிச்சையில் ஈடுபட்ட மரபு மருத்துவர்களின் ஆய்வுச் சங்கம் நாளுக்கு 4.5 முதல் 7.5 கிராம் வரை, ஆறு மாதத்துக்கு மேல் போகாமல், அதுவும் வேறு நோய் இல்லாதவருக்கு என்று வரம்பு சொன்னது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்தம், கர்ப்பம் எல்லாம் இருந்தால் கூடாது. கஷாயம் குடிக்கும் நாட்களில் காபியைக் குறைக்கச் சொல்வார்கள். குளிர்காலத்திலும் ஐஸ் அமெரிக்கானோவோடு திரியும் ஊரில் இந்த ஒரு பத்தியம்தான் மிகவும் கஷ்டம் போலிருக்கிறது.

இப்போது முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதுக்கு வருவோம். லீ ஜே-மா மருந்துகளையும் நான்காகப் பிரித்தார். ஒரு வகையினருக்கான மருந்து மற்றவருக்கு ஆகாது. மாஹ்வாங்கை அவர் வைத்தது தேஊம் பட்டியலில். வரிசையில் நிற்கும் ஒல்லியான, கை கால் குளிர்ந்த, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும் இளம் பெண், அந்த நூலின் அடையாளங்களின்படி பெரும்பாலும் சோஊம். வியர்வை அவருக்கு ஆகாது. அவருக்கு வியர்க்க வைக்கும் மாஹ்வாங்கைக் கொடுப்பது, நவீன மருந்தியல் என்ன சொல்கிறது என்பதை விடுங்கள், லீ ஜே-மாவின் புத்தகத்தின்படியே தவறு. எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வீரியம் மட்டும் ஏற்றித் தரும் ஒரே மாதிரிப் பையை மரபு மருத்துவம் என்று அழைப்பது எனக்கு உறுத்துகிறது. ஆளைப் பார்த்து மருந்து கொடு என்று சொன்ன மனிதரின் பெயரால், ஆளைப் பார்க்காமல் கொடுக்கிறார்கள். எல்லா ஹனுய்சாக்களும் அப்படி இல்லை. மாஹ்வாங் இல்லாமலே எழுதுகிறவர்கள், சோஊம் ஆளுக்கு முதலில் செரிமானத்தைச் சரிசெய்து பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் எடை மெதுவாகத்தான் இறங்கும்; மெதுவாக இறங்குவதை விளம்பரப் பலகையில் போட முடியாது.

பெயர்க் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொரியாவுக்கு வெளியே ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைக் குறைப்பு மருத்துவமனை, மேற்கத்திய மருந்துகளோடு சீன மூலிகைப் பொடியையும் சேர்த்துக் கொடுத்தது. சீனத்தில் 'ஃபாங்ஜி' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்பனையாகும். ஒன்று வரவேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலர் பெண்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நீர் கோத்துப் பருத்தவர்களுக்குக் கொரியாவில் எழுதும் ஒரு கஷாயத்திலும் இதே பெயர் 'பாங்கி' என்று வருகிறது. அங்கே அந்தப் பெயருக்கு அதிகாரபூர்வமான செடி வேறொன்று. 'மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மற்ற சிகிச்சைகளை வேகமாகக் கடந்துவிடலாம். காதில் சிறு ஊசி ஒட்டுவது, வயிற்றில் ஊசி குத்தி மெல்லிய மின்சாரம் விடுவது, கரையும் நூலைத் தோலுக்கடியில் வைப்பது, அடிவயிற்றுக்கு மூலிகைச் சூடு, சில நாள் கஷாயத்தோடு உணவைக் குறைக்கும் விரதத் திட்டம். ஊசிச் சிகிச்சை பற்றிய சோதனைகள் பலவும் சிறியவை, குறுகிய காலத்தவை. கிடைக்கும் பலனும் சிறியது. அடிவயிற்றுச் சூடு மட்டும் சுகமாக இருக்கும் என்கிறார்கள்.

2024 அக்டோபரில் கொரியாவுக்கு வெகோவி என்ற எடைக் குறைப்பு ஊசி வந்தது, 2025 ஆகஸ்டில் அதே மாதிரியான மௌன்ஜாரோ. வெகோவியின் முதன்மைச் சோதனையில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. மாதத்துக்கு ஒரு கிலோ கூடுதல் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாஹ்வாங் சின்னதாகிவிடும். ஹனுய்சாவால் இந்த ஊசியை எழுத முடியாது. அவரிடம் மிச்சம் இருப்பது, ஊசி கேட்காத அந்தக் கேள்விகள்தான்: வியர்க்கிறதா, செரிக்கிறதா, எப்போது தூங்குகிறீர்கள்.

நம் கைப்பேசிக்கு வரும் 'கொரியன் ஸ்லிம்மிங்' பொடியும் தேநீரும் இந்தக் கணக்கு எதிலும் சேராது. உரிமம் பெற்ற ஹனுய்சா அதை எழுதவில்லை, நாடி பார்க்கவில்லை, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கொரியாவிலிருந்து உறவினர் மூலம் வரும் நிஜமான பையாக இருந்தாலும், மேலே பெரும்பாலும் மருத்துவமனையின் பெயர் மட்டுமே இருக்கும், சரக்குப் பட்டியல் இருக்காது. அனுப்பியவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: மாஹ்வாங் இருக்கிறதா, நாளுக்கு எத்தனை கிராம். மாஹ்வாங் அனுப்பியவருக்குச் சரிப்பட்டது என்பதால் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடும் உங்களுக்குச் சரிப்படாது. லீ ஜே-மாவும் சரி, உங்கள் இதய மருத்துவரும் சரி, அந்தப் பையைத் திருப்பி அனுப்பத்தான் சொல்வார்கள்.